மருந்து ஏறுகிற நிமிஷம்

"எதையும் நினைக்காம சும்மா படுத்திருங்க அய்யா" என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் பொண்ணு நஸ்ரின் விளக்கைத் தணித்துக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். சொல்வதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது. கண்ணை மூடக்கூடாது, தூங்கக்கூடாது, பேசக்கூடாது, கை காலை ஆட்டக்கூடாது என்று எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துக்கொண்டால் ஐம்பத்தொன்பது வயசு மனுஷனுக்கு மிச்சம் என்ன இருக்கிறது, நினைப்பைத் தவிர? குருவையா கூரையைப் பார்த்தார். சதுரம் சதுரமாக வெள்ளை அட்டை, ஒவ்வொன்றிலும் பொடிப்பொடி ஓட்டை. வலது புறங்கையில் ஊசியைச் செருகி பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கட்டிலை விட்டு இறங்கி, திரைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் மறைந்தது. அந்தப் பக்கம் இருந்தபடியே மருந்தைச் செலுத்துவார்களாம். எப்போது என்று சொல்லமாட்டார்களாம், சொன்னா பதறுவீங்க, பதறினா படம் மாறிரும் என்றாள். மருந்து ரத்தத்தோடு மூளைக்குப் போய், எங்கே ரத்தம் நன்றாக ஓடுகிறதோ அங்கே நிறைய ஒட்டிக்கொள்ளும், ஓட்டம் குறைந்த இடத்தில் கொஞ்சமாக ஒட்டும். எல்லாம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், அதற்கப்புறம் நகராது. ஒரு மணி நேரம் கழித்து மிஷினில் படுக்கவைத்துப் படம் எடுத்தாலும் படத்தில் இருக்கப்போவது இந்த இருட்டறையின் அந்த ஒரு நிமிஷம்தான். இதை அவள் சொன்னதும் குருவையா விடவில்லை. அப்ப நான் நினைக்கிறது படத்துல விழுந்துருமாம்மா என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். ரத்தம் எங்க ஓடுதுன்னுதான் தெரியும், என்ன நினைக்கிறீங்கன்னெல்லாம் தெரியாது என்றாள். சிரித்துக்கொண்டே சொல்கிற பதில்களை அவர் முப்பத்துநாலு வருஷமாகக் கோர்ட்டில் பார்த்திருக்கிறார். அதையெல்லாம் யாரும் எழுதிக்கொள்வதில்லை.

சரி, நினைக்கக்கூடாது என்றால் நினைக்க வேண்டாம், ஓட்டைகளை எண்ணலாம். ஒரு வரிசைக்குப் பதினெட்டு. இரண்டாவது வரிசையில் ஏழோ எட்டோ எண்ணும்போது எங்கிருந்தோ தொண்ணூத்தாறு என்று வந்து நின்றது. தொண்ணூத்தாறு இருபத்தாறு. அடச்சே. அந்த போன் நம்பர் வேண்டாம், வேறு ஏதாவது, ஏசி, ஏசியின் உறுமல், கதவுக்கு வெளியே வராந்தாவில் அட்டெண்டர் செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம். அந்த அட்டெண்டர் பேர் கூப்பிடுகிற லட்சணத்தை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் எதையோ மென்றுகொண்டே, கையில் உள்ள சீட்டிடம் ரகசியம் சொல்கிற மாதிரி "குருவய்யா" என்றான் காலையில். ஒரு தடவை. குருவையா எழுந்திருக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தார். கோர்ட்டு டவாலி அவர். மார்பில் சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஆயிரமாயிரம் பேரை மூன்று மூன்று தடவை கூப்பிட்ட ஆள், தன் பேருக்கு மட்டும் ஒற்றைக் கூப்பாட்டில் எழுந்து ஓடுவாரா? மகள் இந்துமதி அவர் தோளைத் தொட்டு, அப்பா, உங்களைத்தான் கூப்பிடுறாங்க என்றாள். அதோடு விட்டாளா, கைப்பையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து எழுதினாள். பள்ளிக்கூடத்து டீச்சர், எதையும் எழுதி வைப்பாள். அப்பாவின் மறதிகள் என்று மேலே கோடு போட்டு, கீழே வரிசையாக. சொந்தப் பேரைக் கூப்பிட்டாலும் உணர்வதில்லை. நம்பர்கள் நினைவில் நிற்பதில்லை. அந்த வரியைப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது.

நினைவில் நிற்கவில்லையா, அடப் பாவி மகளே. ஒரே ஒரு தடவை ஒரு துண்டுக் காகிதத்தில் பார்த்த நம்பர், பார்த்த அன்றைக்கே கிழித்துச் சாக்கடையில் போட்டாயிற்று, இருபத்தொரு நாளாக உட்கார்ந்தால் எழுந்தால் சோற்றில் கை வைத்தால் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. தொண்ணூத்தாறு இருபத்தாறில் தொடங்கி எழுபத்தொன்றில் முடிகிறது. இப்போது அது ஓடும்போது மருந்து ஏறினால்? மூளை டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, என்னய்யா இந்த இடத்துல இவ்வளவு ரத்தம், எதையோ கெட்டியாப் பிடிச்சு வச்சிருக்கீங்களே என்று கேட்டால்? அந்த டாக்டரிடமும் ஒரு காரியம் செய்தார் குருவையா. சாவி, குடை, தேங்காய் என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்பேன் என்றார் டாக்டர். கேட்டார். சாவி என்றார் இவர், குடை என்றார், தேங்காய் நாக்கு நுனியில் உருண்டுகொண்டிருந்தது, முழுங்கிவிட்டார். மூணாவது தெரியலீங்க என்றார். டாக்டர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். கூத்து என்னவென்றால், அதற்கு நாலு நாள் கழித்து மழை தூறியபோது மூலையில் சாத்தி வைத்த அந்தக் கறுப்புச் சாமானுக்குப் பேர் என்ன என்று நிஜமாகவே வரவில்லை. நின்றார், கையை நீட்டினார், பேர் வரவில்லை. அதே வாரம் பக்கத்து வீட்டு கேட்டின் கொண்டியைத் திறந்துகொண்டு நின்று, இது யார் வீடு என்று ஒரு நொடி திகைத்தார். பொய்க்குச் சொன்னது மெய்யாகவே வந்து உட்கார்ந்துவிட்டதா? பயத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் அந்தப் பையன் வந்த நாளில் தொடங்கியது. பையன் என்ன பையன், இருபத்தைந்து வயசு ஆம்பளை. வரப்புத் தகராறு ஒன்றில் சாட்சி சொல்ல வந்தவன். அன்றைய பட்டியலில் அவன் பேரைப் படித்தபோதே குருவையாவுக்கு விரல் நின்றுவிட்டது. ரத்தினபாண்டி, தகப்பன் பேர் மாடசாமி, வடமலைப்பட்டி. தகப்பன் பேரும் ஊரும் சேர்ந்து நின்றதைப் பார்த்ததும் தலைக்குள் ஏதோ திறந்துகொண்டது. எட்டிப் பார்த்தார். வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றான். தாய்க்காரியின் அந்தப் புருவம் அப்படியே இருந்தது. கூப்பிடச் சொல்லி உள்ளேயிருந்து பெஞ்ச் கிளார்க் குரல் கொடுத்தார். குருவையா வாசலுக்கு வந்தார், மூச்சை இழுத்தார், ரத்தினபாண்டி என்றுதான் கூப்பிட வந்தார், சத்தியமாக அப்படித்தான். வாய் திறந்ததும் வந்தது வேறு. சீனியம்மா. தொண்டை கிழிகிற மாதிரி. சீனியம்மா. இரண்டு தடவைக்கு அப்புறமாவது நிறுத்தியிருக்கலாம், நிற்கவில்லை, மூன்றாவது தடவை கோர்ட்டு வளாகம் முழுக்கக் கேட்டது, டீக்கடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். அப்படி ஒரு பேர் அன்றைய பட்டியலிலேயே கிடையாது. ஜட்ஜம்மா எட்டிப் பார்த்தார். தூணில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். வழக்கு முடிந்து எல்லாரும் கலைந்தபின் அவன் இவரிடம் வந்தான். "அய்யா, எங்கம்மா பேரு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான். இவர் சொல்லியிருக்கலாம், வாய் இருந்தது, நேரம் இருந்தது. மறதி தம்பி, வயசாயிருச்சு, என்னமோ வாய்க்கு வந்தது என்றார். அவன் நம்பவில்லை. எங்கம்மாவைப் பத்தி ஏதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க என்று நம்பரைக் கிறுக்கிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, கேட்காமலேயே சொன்னான். அவங்க திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காங்கன்னு கேள்வி, நான் போய்ப் பார்த்ததில்ல. கோர்ட்டுல மூணு தடவை கூப்பிட்டும் என்னைய வேணாம்னு வராமப் போனவங்களை எதுக்குப் போய்ப் பார்க்கணும்னு இருந்துட்டேன். அப்பா அந்தத் தீர்ப்பு நகலை பெட்டியில வச்சிருக்காரு, நானே படிச்சிருக்கேன், அழைத்தும் ஆஜராகவில்லைன்னு போட்டிருக்கு.

கூரையில் வெள்ளைச் சதுரங்கள் மங்கலாயின. கண்ணில் நீர். துடைக்கக் கை தூக்கக்கூடாது. நீர் காதுப் பக்கம் வழிந்து இறங்கியது, அரித்தது. ஏறிவிட்டதா? குழாயில் ஏதும் குளிர்ச்சி தெரிகிறதா? தெரியவில்லை. ஜட்ஜம்மா நல்ல மாதிரி, சின்ன வயசு, கூப்பிட்டு உட்காரவைத்து என்ன ஆச்சு என்று விசாரித்தார். அவரிடமும் மறதிம்மா என்றார். ஒரு தடவை சொன்ன பொய்யை இரண்டாவது தடவை சொல்வதற்குக் கஷ்டமே இல்லை. ஜட்ஜம்மா இந்துமதிக்கு போன் போட்டார், இந்துமதி காகிதத்தை எடுத்தாள், காகிதம் டாக்டரிடம் போனது, டாக்டர் எழுதிக் கொடுத்தார், இப்போது மதுரையில் இந்தக் கட்டிலில் கையில் குழாயோடு கிடக்கிறார். சர்வீஸ் இன்னும் பதினோரு மாசம் பாக்கி. படம் கெட்டு வந்தால் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்காரவேண்டியதுதான், கொஞ்ச நாளில் இந்துமதியைப் பார்த்தே நீ யாரும்மா என்று கேட்பார். அதை நினைத்தால் உள்ளங்கால் கூசியது. சரி, படம் சுத்தமாக வந்தால்? மூளை நன்றாக இருக்கிறது, ரத்தம் நன்றாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சிரித்தால், அப்புறம் எல்லாரும் திரும்பி இவரைப் பார்ப்பார்கள். அப்ப யாருய்யா அந்தச் சீனியம்மா? எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது சாமி படத்துக்கு முன்னால் நின்றவர், நல்லபடியா என்று ஆரம்பித்து, எது நல்லபடி என்று தெரியாமல் திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்துவிட்டார்.

தொண்டை வலி. ஆமாம், அன்றைக்குத் தொண்டை வலி, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசி மழை, வராந்தாவின் சிமெண்டு ஷீட்டில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. விவாகரத்து வழக்கு, பிள்ளை யாரிடம் என்பதும் அதிலேயே. சீனியம்மா மூன்று வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள், அவள் வக்கீல் வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி அவள் வழக்கு வந்தது. இரண்டு தடவை கூப்பிட்டார். சத்தம் எழவில்லை. மூன்றாவது தடவை வாயைத் திறந்து மூடினார், அவ்வளவுதான். உள்ளே திரும்பி, ஆள் இல்லீங்க என்றார். ஜட்ஜ் எழுதினார், எக்ஸ்பார்ட்டி, ஆள் வராததால் ஒருதலைத் தீர்ப்பு, பிள்ளை தகப்பனிடம். தொண்டை வலி என்றால் என்ன செய்யமுடியும்? மனுஷன்தானே. அப்புறமும் அவள் மனு போட்டிருக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது, அவள்தான் போடவில்லை. இதையேதான் இருபத்திரண்டு வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வருகிறார், மனப்பாடமாகிவிட்டது. ஆனால் இங்கே, இந்த இருட்டில், எந்த நிமிஷத்தில் ஏறும் என்று தெரியாத மருந்துக்கு முன்னால், தொண்டை வலி என்று சொல்லும்போதே நாக்கு கூசுகிறது. எங்கே இருந்தது தொண்டை வலி? அதற்கடுத்த வழக்குக்கு, அதே மழையில், மில்காரர் ஒருத்தரை மூன்று தடவையும் கணீரென்று கூப்பிட்டாரே. எரிச்சல். வெறும் எரிச்சல். காலையிலிருந்து அவள் நச்சரித்துக்கொண்டே இருந்தாள், அண்ணே எப்பக் கூப்பிடுவீங்க, அண்ணே நம்ம பேரு வந்துருச்சா, அண்ணே பிள்ளைக்குப் பசிக்குது போயிட்டு வந்துரவா. பிள்ளைக்கு ஒன்றுக்கு வருகிறது என்று கட்டடத்துக்குப் பின்னால் அவள் நடந்து போனதை இவர் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார். போய்த் தொலை, உனக்கு ஒரு பாடம் என்று உள்ளே ஏதோ சொன்னது. அஞ்சு நிமிஷத்தில் நனைந்த சேலையோடு ஓடிவந்தாள். அண்ணே, நம்ம கேஸ் கூப்பிட்டாச்சா என்று கேட்டாள். இவர் சொன்ன பதில் ஒரு எழுத்து மாறாமல் இன்னும் காதில் இருக்கிறது. "கூப்பிட்டாச்சும்மா. மூணு தடவை கூப்பிட்டாச்சு."

கதவுக்கு வெளியே பொம்பளைக் குரல் ஒன்று கேட்டது. இந்துமதியிடம்தான் கேட்கிறாள், பாத்ரூம் எங்கிட்டுத் தாயி இருக்கு என்று. அந்தக் குரல் இவருக்குத் தெரியும். காலையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொம்பளை, மஞ்சள் பையில் பழைய ஸ்கேன் படங்களோடு தனியாக வந்தவள், ஜெயக்கொடி என்று பேர் சொன்னாள். அடிக்கடி மயங்கி விழுகிறாளாம். இவளும் விடாமல் கேட்டாள், அய்யா எம்பேரைக் கூப்பிட்டாங்களா, அய்யா எம்பேரைக் கூப்பிட்டாங்களா என்று. மூன்றாவது தடவை இவர் சுள்ளென்று விழுந்தார், கூப்பிட்டா காது கேக்கும்லம்மா. அவள் மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது வெளியே அவள் செருப்புச் சத்தம் போய்த் தேய்ந்தது. ஏசி உறுமியது. கையில், பிளாஸ்டருக்கு அடியில், இது என்ன, ஏதோ குளிர்கிற மாதிரி, நூல் நூலாக மேலே ஏறுகிற மாதிரி, ஏறுகிறதா, இதுதானா, நினைக்காதே, ஓட்டையை எண்ணு, ஒன்று, இரண்டு. "ஜெயக்கொடி" என்றான் வெளியே அட்டெண்டர், மென்றுகொண்டே, சீட்டைப் பார்த்து. குருவையாவின் எண்ணிக்கை நின்றது. போயிருக்காங்கய்யா, வந்துருவாங்க என்று இந்துமதி சொல்கிறாளா, இல்லை, அவள் குரல் வரவில்லை, அவள் தண்ணீர் வாங்கப் போயிருப்பாள். "ஜெயக்கொடி" என்றான் இரண்டாவது தடவை, முதல் தடவையை விட மெதுவாக. காலையிலேயே சொன்னான் அவன், ஆள் இல்லைன்னா அடுத்தவங்க, மருந்து நேரம் போச்சுன்னா வீணாப்போகும், அப்புறம் இன்னொரு நாளைக்குத்தான் வரணும் என்று. இவள் எந்த ஊரிலிருந்து எத்தனை பஸ் மாறி வந்தாளோ. சீட்டைத் திருப்புகிற சரசரப்பு. பேசக்கூடாது. ஆடக்கூடாது. குளிர்ச்சி முழங்கையைத் தாண்டிவிட்டது. பேசினால் படம் போச்சு, படத்தில் என்ன வரும், வாயா, தொண்டையா, திருட்டுத்தனமா, வரட்டுமே, எது வேண்டுமானாலும் வரட்டும். அடுத்த பேரைச் சொல்ல அவன் வாயைத் திறந்திருப்பான். குருவையா மல்லாந்து கிடந்தபடியே மூச்சை வயிறு வரைக்கும் இழுத்தார்.

"ஜெயக்கொடீ...!"

கூரை அட்டைகள் அதிர்ந்தன என்று நஸ்ரின் அப்புறம் எல்லாரிடமும் சொன்னாள். திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்த அவள் முகம் வெளுத்திருந்தது. என்னய்யா நீங்க, மருந்து போயிட்டு இருக்கும்போது இப்பிடிக் கத்துறீங்க, படம் என்னமா வரப்போகுதோ என்று தலையில் கை வைத்தாள். அவளுக்குப் பின்னால் திறந்த கதவு வழியே வராந்தாவின் கோடியிலிருந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஜெயக்கொடி ஓடிவருவது தெரிந்தது. இருக்கேன், இங்கனதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். குருவையா அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் கேட்டு வந்த நஸ்ரின், ஏறினது ஏறிருச்சு, எடுத்துத்தான் பார்க்கணும், சரியில்லைன்னா மறுபடி வரணும், ஒரு மணி நேரம் உட்காருங்க என்று சலிப்போடு சொன்னாள்.

மருந்து ஏறியவர்களுக்குத் தனி அறை. அவர்கள் உடம்பில் கதிர்வீச்சு இருக்குமாம், கொஞ்ச நேரத்துக்கு மற்றவர்கள் ஆறடி தள்ளித்தான் நிற்கவேண்டும். தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இந்துமதி தண்ணீர் பாட்டிலோடு நின்றாள், கண் சிவந்திருந்தது. ஏம்ப்பா கத்துனீங்க, யாருன்னு நெனச்சுக் கத்துனீங்க என்று கேட்டாள். கைப்பையிலிருந்து காகிதம் எட்டிப் பார்த்தது. பாவம், அதையும் எழுதியிருப்பாள். "போனை எடும்மா, ஒரு நம்பர் சொல்றேன், போடு" என்றார். தொண்ணூத்தாறு என்று ஆரம்பித்து எழுபத்தொன்று வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னார், எங்கும் நிற்கவில்லை. பாதியில் அவள் விரல் நின்றது, நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். மீதியையும் போட்டாள். யாருப்பா இது என்று கேட்டாள். சத்தமா வை, இங்க கேட்கிற மாதிரி என்றார். அவள் ஸ்பீக்கரை அழுத்திக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள், கோட்டைத் தாண்டாமல். எடுக்கக்கூடாது என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது, எடுக்காவிட்டால் இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு மாசம், ஓய்வு வரைக்கும் தள்ளிவிடலாம். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். யாருங்க என்றான். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். குருவையா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். ஆறடி தள்ளி மெதுவாகப் பேசினால் கேட்காது. அறையில் இருந்த நாலைந்து பேரும் இவரையே பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"கோர்ட்டு டவாலி குருவையா பேசுறேன் தம்பி. உங்கம்மா அன்னைக்குக் கோர்ட்டுக்கு வந்திருந்தாங்க. உங்களைய இடுப்புல வச்சுக்கிட்டு காலையில இருந்து அங்கதான் நின்னாங்க. நான்தான் மூணாவது தடவை கூப்பிடல."

அந்தப் பக்கம் ஹாரன் மட்டும் கேட்டது. இந்துமதி நீட்டிய கையை இறக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க என்றான் அவன். குருவையா சொன்னார். அப்புறம், அவன் கேட்காமலேயே, மூன்றாவது தடவையும் சொன்னார்.